கடன் கொடுக்குமுன் விசாரிக்கிறோம். மனதைத் திறக்குமுன் விசாரிக்கிறோமா?

இணையவழி உளவளத்துணை பற்றி வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

இப்படியொரு வர்த்தகரை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். காலையில் நேரத்துக்குக் கடை திறக்கிறார். வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுகிறார். ஆனால் இரவு 2 மணிக்குக் கண் விழித்தால் பிறகு தூக்கமில்லை. எந்தத் திகதிக்கு யாருக்குக் காசோலை கொடுத்திருக்கிறோம், யார் தந்த காசோலை திரும்பி வந்திருக்கிறது என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாப்பாட்டில் ருசியில்லை. பிள்ளைகளின் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. நெஞ்சு படபடக்கிறதே என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. "உடம்பில் பிழையில்லை, மனதில்தான் பாரம். யாரிடமாவது பேசுங்கள்" என்கிறார் வைத்தியர்.

யாரிடம் பேசுவது? இங்கேதான் வியாபாரி தயங்குகிறார். வியாபாரிக்குக் காசு மட்டும் மூலதனமல்ல, பெயரும் மூலதனம்தான். "அவர் மனநல டொக்டரிடம் போகிறாராம்" என்ற ஒரு பேச்சு கடைத்தெருவில் இறங்கினால், கடனுக்குச் சரக்குத் தருபவர் கையை இழுத்துக் கொள்வாரோ, மகளின் கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. பயம் நியாயமானதா இல்லையா என்பது வேறு விடயம். அது இருக்கிறது என்பதுதான் உண்மை.

கடந்த சில வருடங்கள் நமது வர்த்தகர்களை இலேசில் விடவில்லை. 2019 மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. 2020 இல் கொரோனா முடக்கம் வந்தது. 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. சரக்குக்கு ஓர்டர் கொடுத்தவர் ஒரு விலைக்குக் கொடுத்து, வேறொரு விலைக்குக் காசு கட்டினார். இவற்றைத் தாங்கிய மனதில் கீறல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே, வைத்தியசாலை வாசலில் யார் கண்ணிலும் படாமல், தொலைபேசித் திரையிலேயே ஒரு உளவளத்துணையாளருடன் பேசும் வழி பலரையும் ஈர்க்கிறது. இது நல்ல வழிதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளி மூலம் வழங்கப்படும் பேச்சுச் சிகிச்சை, நேரில் வழங்கப்படுவதற்கு ஏறத்தாழ இணையான பலனைத் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் ஒரு கேள்வி. புதிதாக வரும் ஒருவருக்கு ஐம்பதாயிரம் ரூபாவுக்குக் கடன் சரக்குக் கொடுப்பதானால் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். அவர் யார், எங்கே கடை வைத்திருந்தார், யாருக்காவது பாக்கி வைத்தாரா என்றெல்லாம் கேட்கிறோம். வாழ்க்கையின் முழு இரகசியத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகும்போது மட்டும், பேஸ்புக்கில் கண்ட விளம்பரத்தை நம்பி உடனே காசு கட்டிவிடுகிறோம். கடன் கொடுக்கும்போது பார்க்கும் அதே நிதானத்தை இங்கும் பார்த்தால் போதும்.

ஆள் யார்?

முதலில் பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். மனநல வைத்தியர் என்பவர் வைத்தியப் பட்டம் பெற்று மனநோயில் விசேட பயிற்சி பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. சிகிச்சை உளவியலாளர் உளவியலில் உயர் பட்டமும் சிகிச்சைப் பயிற்சியும் பெற்றவர். பேச்சின் மூலமாகவே சிகிச்சை அளிப்பார், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் துயரம், குடும்பப் பிணக்கு, தொழில் நெருக்கடி போன்றவற்றில் நம்முடன் இருந்து பேசி, நாமே தெளிவு பெற உதவுபவர்.

மனநல வைத்தியர்களும் சிகிச்சை உளவியலாளர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறுகிறார்கள். ஆகவே, பதிவு இலக்கத்தைக் கேட்டுச் சரிபார்க்க வழியுண்டு. ஆனால் 'உளவளத்துணையாளர்' என்ற பெயர்ப் பலகையைத் தொங்கவிட நமது நாட்டில் சட்டப்படியான அனுமதிப்பத்திரம் கட்டாயமில்லை. பல வருடம் படித்துப் பயிற்சி பெற்றவரும் தன்னை அப்படித்தான் அழைக்கிறார். வார இறுதி வகுப்பொன்றில் சான்றிதழ் எடுத்தவரும் அப்படித்தான் அழைக்கிறார். பெயரைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. எனவே எங்கே படித்தார், எத்தனை வருடம் படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார், இலங்கை தேசிய உளவளத்துணையாளர் சங்கம் போன்ற தொழில்சார் அமைப்பொன்றில் உறுப்பினரா என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்கான நிபுணர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கேட்டதும் கோபிப்பவரிடம் வியாபாரம் செய்வோமா?

தமிழில் பேசுபவர் கிடைப்பது கஷ்டமாக இருப்பதால் சிலர் தமிழ்நாட்டிலுள்ளவர்களை இணையத்தில் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. இந்தியாவில் சிகிச்சை உளவியலாளர்களை இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு செய்கிறது, அந்த இலக்கத்தைக் கேட்கலாம். ஆனால் பிரச்சினை ஏற்பட்டால் முறைப்பாட்டை வேறு நாட்டில்தான் செய்ய வேண்டியிருக்கும். அவசர நேரத்தில் நமது ஊரின் வைத்தியசாலை எது, யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரியாது. இவற்றை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று, மொழியைப் போலவே சூழலும் முக்கியம். நமது தொழில் வாய்வார்த்தையில் நடப்பது. வாப்பா வைத்த கடையை நானாவும் தம்பியும் சேர்ந்து நடத்துவதும், மச்சானுக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக் கொள்வதும் இங்கே சாதாரணம். இதை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தால் பரவாயில்லை. கேட்பவருக்கு விளங்கிக்கொள்ள மனமிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதேவேளை சொந்தக்காரர், வாடிக்கையாளர், கொடுக்கல் வாங்கல் உள்ளவர் ஆகியோரை உளவளத்துணையாளராக வைத்துக்கொள்ளக் கூடாது. நமது சமூகம் சிறியது. ஊரையும் குடும்பத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்னையோ என் குடும்பத்தையோ தெரியுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

நிபந்தனை என்ன?

வாய்ப்பேச்சில் ஆரம்பிக்காமல் நிபந்தனைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு அமர்வு எத்தனை நிமிடம்? வழக்கமாக 45 முதல் 60 நிமிடம். கட்டணம் எவ்வளவு? முன்கூட்டியா, பின்னரா? நேரத்தை மாற்ற வேண்டுமானால் எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டால் முழுக் கட்டணமும் போய்விடுமா? தொடர்பு இடையில் அறுந்தால் யார் மீண்டும் அழைப்பது? இந்தக் கடைசிக் கேள்வி சிறிதாகத் தெரியலாம். அழுகையின் நடுவில் திரை இருண்டு போனவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"பத்து அமர்வுகளை ஒன்றாக எடுத்தால் கழிவு" என்று சிலர் அறிவிப்பார்கள். மொத்தமாக வாங்கினால் இலாபம் என்பது நமது இரத்தத்தில் ஊறியது. ஆனால் இங்கே அந்தக் கணக்குப் பிழைக்கும். முதலிரண்டு அமர்வுகளில் அவருடன் நமக்குப் பொருந்தாது என்று தெரிந்தால் மீதி எட்டுக்குக் காசு திரும்புமா? ஆகவே, ஒவ்வொன்றாகக் கட்டி ஆரம்பிப்பதே புத்தி. கட்டணம் சுமையாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். நிலைமையறிந்து குறைத்துக் கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை அமர்வு தேவைப்படும்? பிரச்சினையைப் பொறுத்தது. உதாரணமாக, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை முறை ஒன்றுக்கு 6 முதல் 20 அமர்வுகள் வரை ஆகலாம் என்று பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை கூறுகிறது. எனவே "மூன்றே அமர்வில் முழுக் குணம், உத்தரவாதம்" என்று சொல்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். வைத்தியராக இல்லாமல் மருந்து சொல்பவர், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், நம்மிடம் கடன் கேட்பவர் அல்லது எதையாவது விற்க முயல்பவர் ஆகியோரிடமும் அவ்வாறே. "இன்ன பெரிய முதலாளி என்னிடம்தான் வருகிறார்" என்று பெருமை பேசுபவரிடம் நமது கதையைச் சொன்னால், நாளை நமது பெயரும் அடுத்தவரின் காதில் விழும்.

இரகசியம் ஒரு அமானிதம்

நாம் சொல்வது வெளியே போகாது என்ற நம்பிக்கைதான் இதன் அத்திவாரம். இது வெறும் நம்பிக்கையில் விடக்கூடிய விடயமல்ல என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

பின்லாந்தில் வஸ்தாமோ என்றொரு தனியார் உளச்சிகிச்சைக் கம்பனி இருந்தது. நோயாளிகள் நேரில் வந்து பேசினார்கள். குறிப்புகள் மட்டும் கணனியில் சேமிக்கப்பட்டன. அந்தக் குறிப்புகள் திருடப்பட்டமை 2020 ஒக்டோபரில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். முதலில் கம்பனியிடம் கப்பம் கேட்ட திருடன், பின்னர் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பினான். 24 மணித்தியாலத்துக்குள் 200 யூரோ, தவறினால் 500 யூரோ, அதுவும் தராவிட்டால் பேசிய அனைத்தும் பகிரங்கம் என்று மிரட்டினான். பலருடைய குறிப்புகள் இணையத்தில் வெளியாகியும் விட்டன. 2021 இல் கம்பனி வங்குரோத்தானது.

இரண்டாவது அமெரிக்காவில் நடந்தது. பெட்டர்ஹெல்ப் என்பது உலகின் மிகப் பெரிய இணையவழி உளச்சிகிச்சைச் சேவைகளில் ஒன்று. தகவல்கள் இரகசியமாக இருக்கும் என்று வாக்களித்துவிட்டு, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி உள்ளிட்ட விபரங்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக், ஸ்னப்செட் போன்ற நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2023 இல் குற்றஞ்சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 78 இலட்சம் டொலர் செலுத்தி நிறுவனம் விடயத்தை முடித்துக்கொண்டது.

நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகுத்துள்ளது. எனினும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் பிற்போடப்பட்டது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிராமல் நாமே கேட்க வேண்டும். குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள், காகிதத்திலா, கணனியிலா? வேறு யார் பார்க்கலாம்? எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? அமர்வு பதிவு செய்யப்படுமா? நம் சம்மதமில்லாமல் பதிவு செய்யக்கூடாது.

இன்னொரு உண்மையையும் அறிந்திருக்க வேண்டும். இரகசியத்துக்கும் எல்லை உண்டு. ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடும் என்று தெரிந்தாலோ, பிள்ளையொன்று துன்புறுத்தப்படுவது தெரிந்தாலோ, நீதிமன்றம் கட்டளையிட்டாலோ நிபுணர் பேச வேண்டி வரலாம். அந்த எல்லைகள் எவை என்பதை முதல் நாளே அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

ஓட்டை நமது பக்கத்திலும் உண்டு

எங்கோ இருக்கும் திருடனைவிட நமது கடைக்குள்தான் இரகசியம் கசிவதற்கு அதிக வழி இருக்கிறது. கடைத் தொலைபேசியை வேலைப் பையன்களும் எடுக்கிறார்கள். கடைக் கணனியில் வட்ஸ்அப் திறந்தபடியே கிடக்கிறது. உளவளத்துணையாளர் அனுப்பும் செய்தி கல்லாவுக்கு முன்னாலேயே திரையில் எழும்புகிறது. எனவே இதற்குச் சொந்தத் தொலைபேசியை மட்டும் பயன்படுத்துங்கள். பூட்டுப் போடுங்கள். செய்தி திரையில் தெரிவதை நிறுத்துங்கள். கணனியிலுள்ள வட்ஸ்அப்பிலிருந்து வெளியேறிவிடுங்கள். வட்ஸ்அப் உரையாடல் வழியில் மறைகுறியாக்கப்பட்டாலும், கூகுளில் சேமிக்கப்படும் பிரதியை நாமாகத் தெரிவு செய்தால் மட்டுமே அவ்வாறு பூட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டணத்தைக் கடைக் கணக்கிலிருந்து கட்ட வேண்டாம். மாத முடிவில் வங்கி அறிக்கையைக் கையில் எடுக்கும் கணக்கர், "இந்த 'கவுன்சலிங்' என்ன, எந்தச் செலவில் போடுவது?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய வேலை. சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டால் கேள்வியே எழாது.

எங்கே இருந்து பேசுவது? கடை பூட்டிய பின் களஞ்சியத்தில் இருந்து பேசலாம். ஓரமாக நிறுத்திய வாகனத்துக்குள் இருந்தும் பேசலாம், ஓட்டிக்கொண்டு பேசுவது மட்டும் கூடாது. காதில் இயர்போன் இருக்கட்டும்.

வீட்டில் பேசுவதானால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் இரவில் கணவன் அறையைப் பூட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசினால் மனைவி என்ன நினைப்பார்? மறுமுனையில் இருப்பது ஒரு பெண் உளவளத்துணையாளராக இருந்தால்? மனப்பாரத்தைக் குறைக்கப் போய் வீட்டில் புதிய பிரச்சினையை உண்டாக்கிக் கொள்ள வேண்டியதில்லை. என்ன பேசினோம் என்று சொல்லத் தேவையில்லை. இப்படியொரு உதவியை நாடுகிறேன் என்பதை மட்டுமாவது மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நமக்கு முன்பே அவருக்கு நமது நிலை தெரிந்திருக்கும்.

முதல் நாளும் அதன் பின்னரும்

முதல் அமர்வு பெரும்பாலும் விசாரிப்பதிலேயே போகும். தூக்கம் எப்படி, எப்போதிருந்து இப்படி, என்ன மருந்து எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார். இவற்றைச் சிறு துண்டில் குறித்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். வருமான வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்பது இங்கே உதவாது.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். உளவளத்துணையாளர் நமது கடனைக் கட்டமாட்டார். தவணையை நீட்டித் தரும்படி வங்கியுடன் பேசமாட்டார். அந்த வேலையைக் கணக்காளரையும் வங்கி முகாமையாளரையும் கொண்டுதான் செய்ய வேண்டும். ஆனால் கடன்காரரின் அழைப்பைக் கண்டு தொலைபேசியை அணைத்துவிடும் மனிதனை, அதை எடுத்து "இன்ன திகதிக்குள் இவ்வளவு தருகிறேன்" என்று பேசக்கூடிய மனிதனாக்க அவரால் உதவ முடியும். வியாபாரத்தில் பாதிப் பிரச்சினை அந்த ஒரு அழைப்பை எடுக்காததால் வளர்ந்ததுதானே?

மூன்று, நான்கு அமர்வுகளுக்குப் பின் இருப்பெடுத்துப் பாருங்கள். தூக்கம் கொஞ்சமாவது கூடியிருக்கிறதா? நாம் சொல்வதை அவர் கேட்கிறாரா, அல்லது அவரே பேசுகிறாரா? முன்னேற்றம் இல்லையென்றால் அவரிடமே சொல்லுங்கள். வேறொருவரிடம் மாறுவது துரோகமல்ல. நல்ல நிபுணர் தானே இன்னொருவரின் பெயரைச் சொல்லி அனுப்புவார்.

திரை போதாத இடங்கள்

சில நிலைமைகளில் இணையவழி உளவளத்துணை மட்டும் போதாது. உயிரை முடித்துக் கொள்ளும் எண்ணம் வருதல், இல்லாத குரல் கேட்டல், நாட்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருத்தல், போதைக்கு அடிமையாதல் ஆகியவற்றுக்கு வைத்தியரை நேரில் காண வேண்டும். வீட்டிலேயே வன்முறைக்கு ஆளாகும் ஒருவருக்கும், அடுத்த அறையில் துன்புறுத்துபவர் இருக்கும்போது தொலைபேசியில் பேசுவது ஆபத்து.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். உயிராபத்தான நிலையில் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவை இருக்கிறது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் கட்டணமின்றிச் செவிமடுக்கிறார்கள். தனியாருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை என்றால் அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகள் இலவசம். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் நமது நாட்டில் குற்றமல்ல. ஆகவே உதவி கேட்டால் பொலிஸ் வருமோ என்று யாரும் அஞ்சத் தேவையில்லை.

வருட முடிவில் கடையைப் பூட்டிவிட்டு இருப்பெடுக்கிறோம். எந்தச் சரக்கு பழுதானது, எது தேங்கிக் கிடக்கிறது என்று தட்டுத் தட்டாகப் பார்க்கிறோம். அந்தக் கடையை நடத்தும் மனிதனுக்கு யார் இருப்பெடுப்பது? சரக்குப் பழுதானால் மாற்றலாம். கடை நொடித்தால் மீண்டும் திறந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். முதலாளி உடைந்து போனால் கடையும் குடும்பமும் சேர்ந்தே ஆடும். ஆளை விசாரித்து, நிபந்தனையை எழுதி வாங்கி, இரகசியத்தைப் பூட்டிக்கொண்டு, அந்த முதல் அழைப்பை எடுங்கள்.